குவில்ட் தைப்பவரின் துணி இருப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில், சனிக்கிழமைப் பிற்பகல்களில் யாராவது ஒருவர் வீட்டு முன்கூடத்தில் கூடித் தைக்கும் சிறிய வட்டம் எங்களுடையது. துணியைத் துண்டுகளாக வெட்டி, இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துப் போர்வையாகத் தைப்பதைத்தான் குவில்ட் என்கிறோம். புதிதாக வருகிறவர்கள் தையலைப் பற்றிக் கேட்பதைவிட, வீட்டில் பெருகிக்கொண்டே போகும் துணியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

துணிகளை நிறப்படி அடுக்குவதா, வகைப்படி அடுக்குவதா?

நிறத்துக்கும் வகைக்கும் முன்னால் வேறொரு பிரிவினை உண்டு: கழுவியது, கழுவாதது. இவ்விரண்டும் ஒரே அடுக்கில் கலந்துவிட்டால், அதற்குப் பின் எவ்வளவு அழகாக அடுக்கினாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. கழுவாத பருத்தித் துணியில் கஞ்சியும் பிடிக்காமல் நின்ற சாயமும் இருக்கும். முதல் கழுவலில் அது சுருங்கவும் செய்யும். அதைக் கழுவிய துணியோடு சேர்த்துத் தைத்தால், போர்வை முதன்முறை நனையும்போது ஒரு கட்டம் சுருங்கி, அடுத்த கட்டம் சுருங்காமல் நின்று, இரண்டுக்கும் நடுவிலுள்ள தையல் இழுபட்டுக் கோணிவிடும். எனக்கு நேர்ந்தது அதைவிட மோசம். பேத்திக்குத் தைத்த தொட்டில் போர்வையில், கழுவியதுதான் என்று நம்பி வைத்த ஒரு சிவப்புத் துண்டு, அதைச் சூழ்ந்திருந்த நான்கு வெள்ளைக் கட்டங்களையும் முதல் நாளிலேயே ரோஜா நிறமாக்கிவிட்டது. குறை துணியிலன்று, இரண்டு வகையையும் ஒரே கூடையில் போட்டு வைத்த என்னிடம்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். துணியைக் கழுவப் போடும் முன் அதன் நான்கு மூலைகளையும் கத்தரியால் சிறிது சாய்வாக நறுக்கிவிடுவேன். நறுக்கிய மூலையில் நூல் பிரிந்து சிக்குவது குறைகிறது. அதோடு, எத்தனை ஆண்டு கழித்து எடுத்தாலும், மூலை மழுங்கியிருந்தால் கழுவியது, கூராக இருந்தால் கழுவாதது என்று விளக்கில்லாமலே தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். கழுவாமலே தைக்கும் வழக்கமுடையவர்களும் உண்டு. போர்வை முழுவதையும் கழுவாத துணியிலேயே தைப்பதாக இருந்தால் அதிலும் தவறில்லை. கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஷ்வேஷ்வே துணியை எப்படிக் கையாள்வது?

இந்த நாட்டில் குவில்ட் தைப்பவர் எவர் அலமாரியிலும், சிறு கோலங்கள் கொண்ட ஷ்வேஷ்வே என்னும் பருத்தித் துணி இல்லாமல் இராது. அவுரி நீலம், சாக்லேட் பழுப்பு, சிவப்பு ஆகிய மூன்றும் அதன் பழைய நிறங்கள். பாசுத்தோ மன்னர் மோஷோஷோவின் பெயரிலிருந்து இதன் பெயர் வந்தது என்பர்; ஜெர்மானியக் குடியேறிகளோடும் தொடர்புடையதால் கோசா மொழியில் இதை உஜமானி என்றும் சொல்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த இந்தத் துணி, 1982 முதல் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தின் ஸ்வெலிட்ஷாவிலுள்ள டா காமா ஆலையில் நெய்து அச்சிடப்பட்டது. 1992ஆம் ஆண்டில் த்ரீ கேட்ஸ் என்னும் ஷ்வேஷ்வே வணிக முத்திரைக்குரிய உரிமையும் அதன் செப்பு உருளைகளும் மான்செஸ்டரிலிருந்து அந்த ஆலைக்கு வந்து சேர்ந்தன. முதலில் துணி முழுவதுக்கும் சாயம் ஏற்றிவிட்டு, கோலம் பொறித்த செப்பு உருளைகளின் வழியே செலுத்தும்போது, மெல்லிய அமிலக் கரைசல் பட்ட இடங்களில் சாயம் நீங்குகிறது. ஆகவே நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி மேலே வைத்த புள்ளியன்று. நீலம் போன இடம்.

கையாளும்போது இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. முதலாவது அதன் கஞ்சி. நெடுங்கடற்பயணத்தின் ஈரக்காற்றில் துணி கெடாதிருக்க அந்நாளில் ஊட்டிய கஞ்சி, பயணம் நின்ற பின்னும் அந்தத் துணியின் அடையாளமாக நிலைத்துவிட்டது. கடையில் முகர்ந்து பார்த்து, நுனியை நாவில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று சோதித்து, அசலா போலியா என்று சொல்லும் மூதாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். புதுத்துணி தடித்த காகிதம்போல மொரமொரக்கும். தனி வாளியில் குளிர்ந்த நீரில் அலசினால், முதல் நீர் கலங்கலாகவும் நீலமாகவும் வரும். நீர் தெளியும் வரை மாற்றி மாற்றி அலசி, நிழலில் உலர்த்தி எடுக்கும்போது, அந்த விறைப்பு முழுவதும் போய், பலமுறை கட்டிப் பழகிய நூல் சேலைபோலக் குழைந்துவிடும். எவ்வளவு சுருங்குகிறது என்று அறிய விரும்புவோர், கழுவும் முன் பென்சிலால் 20 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து வைத்து, உலர்ந்த பின் அளந்து பார்க்கலாம். வெட்டும்போது விறைப்பு வேண்டுமென்பதற்காகக் கழுவாமலே வைத்திருக்கிறோம் என்பவர்களுக்கு நான் சொல்வது, கழுவி வைத்துக்கொண்டு, வெட்டும் நாளில் மட்டும் கஞ்சி தெளித்து இஸ்திரி போடுங்கள் என்பதே. காரணத்தைப் பூச்சி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இரண்டாவது அதன் அகலம். பொதுவான குவில்ட் பருத்தி 110 செ.மீ. அகலமுள்ளது, ஷ்வேஷ்வே 90 செ.மீ. மட்டுமே. நாம் மீட்டரில் வாங்கி அங்குலத்தில் வெட்டுகிறவர்கள் என்பதால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தப்பிவிடும். 5 அங்குலச் சதுரங்கள் 32 வேண்டுமென்றால், கரையை நீக்கிய பின் 110 செ.மீ. துணியில் ஒரு வரிசைக்கு 8 கிடைக்கும். 4 வரிசையில், அரை மீட்டரைச் சற்றே தாண்டி, வேலை முடிந்துவிடும். ஷ்வேஷ்வேயில் வரிசைக்கு 6 மட்டுமே நம்பிக்கையாகக் கிடைக்கும் என்பதால் 6 வரிசை, அதாவது முக்கால் மீட்டருக்கு மேல் ஆகிவிடும். ஆகவே அகலம் குறைந்த துணிகளுக்குத் தனி அடுக்கு வைத்து, ஒவ்வொன்றிலும் அகலத்தை எழுதிக் குத்தி வையுங்கள்.

உப்போ வினிகரோ போட்டால் சாயம் நிற்குமா?

நிற்காது. கடையில் வாங்கிய துணியின் சாயம் சாயப்பட்டறையிலேயே பிடித்திருக்க வேண்டும். வாளியில் போடும் ஒரு கைப்பிடி உப்பு அதை ஒன்றும் செய்யாது. மிகுதிச் சாயத்தை அலசி வெளியேற்றுவதே வழி. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, நிறம் ஒட்டாத வரை அலசுங்கள். ஐந்தாறு முறைக்குப் பின்னும் ஒட்டினால், அந்தத் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

எல்லாத் துணியும் ஒரே அளவில் அடங்க எப்படி மடிப்பது?

குவில்ட் வெட்டுவதற்கென்று நம்மிடம் உள்ள 6 அங்குல அகல அளவுகோலே போதும். ஒரு மீட்டர் துணியைக் கரையோடு கரை சேர மடித்து, மறுபடியும் பாதியாக மடித்தால், ஏறக்குறைய 27 செ.மீ. அகலமுள்ள நீண்ட பட்டை கிடைக்கும். அளவுகோலைப் பட்டையின் ஒரு முனையில் குறுக்காக வைத்து, துணியை அதன்மேல் சுற்றிக்கொண்டே போய், கடைசி நுனியை உள்ளே மடித்துச் செருகி, அளவுகோலை உருவிவிடுங்கள். புத்தகம்போல நிற்கும் ஒரு கட்டு அமையும். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியிலுள்ளதை எடுக்க மேலுள்ள அனைத்தையும் கலைக்க வேண்டும் என்பதால், நிறுத்தி வைப்பதே நல்லது. கால் மீட்டருக்குக் குறைந்தவற்றுக்கு இத்தனை சடங்கு வேண்டாம். சுருட்டிப் பெட்டியில் போடலாம்.

ஆண்டுக்கொரு முறை மடிப்பை மாற்றுங்கள். அவுரி நீலத்தில் மடிப்பு விளிம்பு மட்டும் வெளுத்துக் கோடாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை தெரியும்.

பிளாஸ்டிக் பெட்டியா, மர அலமாரியா, அட்டைப் பெட்டியா?

அட்டைப் பெட்டி வேண்டாம். அதன் அமிலம் துணியில் ஏறி மஞ்சள் கறையாகும், அதன் பசையோ பூச்சிக்கு விருந்து. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி தூசியைத் தடுக்கும். ஆனால் டர்பன் கோடையில், கையில் ஈரம் பிசுபிசுக்கும் ஜனவரி நாளொன்றில் துணியை அடைத்து மூடினால், அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். பெட்டிதான் வேண்டுமென்பவர்கள் உலர்ந்த நாளில் அடைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பைகளை வைக்கலாம். மர அலமாரியாக இருந்தால், மரம் துணியில் நேராகப் படாதபடி தட்டுகளில் பழைய வெள்ளை வேட்டியைக் கழுவி விரியுங்கள். பலமுறை கஞ்சி நீங்கித் துவைத்த வேட்டியைவிட நல்ல விரிப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. காற்றுப் போக ஒரு கையளவு இடைவெளி வேண்டும். அடித்தட்டு தரையிலிருந்து உயர்ந்தே இருக்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு நடால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்த நாட்களில் துணியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் அதன்பின் வந்த வாரங்களில், எங்கள் வட்டத்துப் பெண் ஒருவர் நனைந்த மூட்டைகளைப் பிரித்தபோது, கழுவிய துணிகளில் பெரும்பாலானவை மீண்டன, கழுவாதவை ஒன்றின் சாயத்தை ஒன்று வாங்கிக்கொண்டு வீணாயின. நனைந்த துணியை உடனே நிறப்படி பிரித்து அலசி உலர்த்த வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலே பூஞ்சணம் பூத்துவிடும்.

ஜோஹானஸ்பர்க் பக்கம் குளிர்காலக் காற்று உலர்ந்தது என்பதால் அங்குள்ளவர்களுக்கு ஈரக்கவலை குறைவு. வெயில்தான் அவர்களுக்குக் கவலை. கடற்கரையில் இருக்கும் நாம் ஜூன், ஜூலை மாதங்களின் உலர்ந்த நாட்களில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைப்பது நல்லது. எனக்கு அந்த நாட்கள் பண்டிகைபோல.

துணியை எந்தப் பூச்சி தின்கிறது? அந்துருண்டை போடலாமா?

கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சி பருத்தியைத் தொடுவதில்லை. இங்கே பருத்திக்குப் பகை, ஊரெல்லாம் ஃபிஷ் மோத் என்று சொல்லும் வெள்ளிநிறப் பூச்சி. நம் ஊர்களில் பழைய புத்தகங்களைத் துளைக்கும் இராமபாணம் என்றால் தமிழறிந்தவர்களுக்குப் புரியும். அது இருட்டையும் ஈரத்தையும் விரும்பும். அதற்குப் பிடித்த உணவு மாவுச்சத்து. கஞ்சி போட்ட ஷ்வேஷ்வேயைக் கழுவாமல் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைப்பது அதற்குச் சோறு வடித்து வைப்பதற்குச் சமம். கழுவிக் கஞ்சி நீக்கிய துணியே முதல் காப்பு.

நாப்தலீன் அந்துருண்டையை நான் விட்டுவிட்டேன். அதன் வாடை எளிதில் போகாது என்பது ஒரு காரணம். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது என்பது பெரிய காரணம். தொட்டில் போர்வைக்கான துணி அருகில் அது இருக்கவே வேண்டாம். வேப்பிலை வைக்க விரும்புவோர் துணிப்பையில் கட்டி வைக்கவும், இலை நேராகப் பட்டால் பழுப்புக் கறை விழும்; வேலியோரத்துச் சிரிங்கா மரம் வேம்பின் உறவுதானே தவிர வேம்பு அன்று. பூச்சி ஏறிவிட்டதென்ற ஐயம் இருந்தால், துணியைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் -18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். நீண்ட மின்வெட்டு குறுக்கிட்டால் நாட்களை மறுபடியும் எண்ணத் தொடங்க வேண்டும்.

நிறங்களை எப்படி வரிசைப்படுத்துவது?

வானவில் வரிசை கண்ணுக்கு அழகு. ஆனால் போர்வையில் கோலத்தை எடுத்துக் காட்டுவது நிறமன்று, வெளிர்வும் அடர்வும்தான். ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் வெளிர்ந்ததிலிருந்து அடர்ந்தது வரை வரிசையாக நிறுத்துங்கள். ஐயம் வந்தால் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். என் அலமாரியைப் படமெடுத்தபோதுதான், ஏழு நிறம் இருந்தும் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிய, வெளிர்ந்த துணியே என்னிடம் இல்லையென்று கண்டேன். பளிச்சென்ற துணியைப் பார்த்துப் பார்த்து வாங்கும் நம்மவர்கள் பலருக்கும் இந்தக் குறை உண்டு.

அம்மாவின், ஆயாவின் பழைய சேலைகளைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. முதலில் அது என்ன நூல் என்று அறிய வேண்டும். கரையிலிருந்து இரண்டு நூலை உருவி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். பட்டையும் பாலியெஸ்டரையும் பருத்திக் கட்டங்களோடு கலந்தால் இஸ்திரிச் சூட்டில் ஒன்றுக்கு ஏற்றது இன்னொன்றைக் கெடுக்கும் என்பதால், அவற்றுக்குத் தனிப் பெட்டி வையுங்கள்.

மெல்லிய வாயில் சேலையை அப்படியே வெட்டினால் வழுகிக் கோணும். பின்புறம் மெல்லிய ஒட்டுலைனிங் இஸ்திரி போட்டு ஒட்டிய பின் வெட்டினால் குவில்ட் பருத்தியைப்போல நேராக நிற்கும். முந்தியையும் சரிகைக் கரையையும் உடல்துணியிலிருந்து பிரித்தெடுத்துத் தனித்தனியே சுருட்டி வைத்தால், கரை பிற்பாடு போர்வையின் விளிம்புச் சட்டமாகப் பயன்படும். அக்குளும் கொசுவமும் பட்டுப் பட்டு இற்றுப்போன இடங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து விலக்குங்கள்.

நூல் சேலையின் அருமை போர்வையின் பின்பக்கத்தில் தெரியும். 5.5 மீட்டர் நீளமும் 115 செ.மீ. அளவு அகலமும் உள்ள சேலையைக் குறுக்கே பாதியாக வெட்டி, இரு பாதிகளையும் நீளவாக்கில் இணைத்தால், ஏறக்குறைய 275க்கு 227 செ.மீ. துணி கிடைக்கிறது. 250க்கு 200 செ.மீ. போர்வைக்கு, சுற்றிலும் 10 செ.மீ. மிச்சம் விட்டும் இது போதும். கடையில் 5.4 மீட்டர் துணி வாங்குவதற்குப் பதில், ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுதும் பிறருக்குச் சட்டை தைத்துவிட்டு வந்த என் அத்தை வீட்டில் கட்டிய சேலை, இன்று என் மகன் கட்டிலில் உட்பக்கமாகக் கிடக்கிறது.

சேலையில் மஞ்சள் கறை இருக்கிறதே?

சோப்புப் பட்டவுடன் அது சிவந்துவிடும், அஞ்ச வேண்டாம். அலசி, ஈரத்தோடு கறை பட்ட இடத்தை மட்டும் வெயிலில் காட்டினால், மஞ்சளின் நிறம் ஒளியில் சிதைந்து மங்கும். காவடிக்குக் கட்டிய மஞ்சள் துணியை வெயிலில் நெடுநேரம் விடக் கூடாது என்பதும் இதனாலேயே.

என்னிடம் எவ்வளவு துணி இருக்கிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

ஒவ்வொன்றையும் விரித்து அளப்பது ஆகாத வேலை. எடை போடுங்கள். குவில்ட் பருத்தி சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 140 கிராம் இருக்கும், 110 செ.மீ. அகலத்தில் ஒரு மீட்டர் 150 கிராமுக்குச் சற்று மேல். ஆக ஒரு கிலோ என்பது ஆறரை மீட்டர். வெறும் துண்டுகள் என்று நினைத்திருந்த என் கூடை 3 கிலோ இருந்தது. அதாவது 19 மீட்டர். அன்று இரவு என் கணவரிடம் கிலோக் கணக்கைச் சொன்னேன், மீட்டர் கணக்கைச் சொல்லவில்லை.

250க்கு 200 செ.மீ. போர்வை ஒன்றுக்கு மேற்பக்கம் 7 மீட்டர், பின்பக்கம் 5.4 மீட்டர், விளிம்புக்கு 60 செ.மீ. என 13 மீட்டர் ஆகும். ஆண்டுக்கு இரண்டு தைக்கும் எனக்கு 26 மீட்டர் போதும். இருந்ததோ 180 மீட்டர், ஏழு ஆண்டுத் தேவை. இந்த எண்ணை அறிந்த பின் கடையில் கை தானாகவே சற்றுத் தயங்குகிறது.

சிறு துண்டுகளை எதுவரை வைத்திருப்பது?

இரண்டரை அங்குலப் பட்டையோ 5 அங்குலச் சதுரமோ வெட்ட முடிந்தால், தையல் முடிந்த அன்றே வெட்டி அளவுவாரியாகப் போடுங்கள். அதற்கும் சிறியவை தலையணைக்குள் அடைக்கப் பயன்படும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்த துண்டை யாரும் பிறகு பார்ப்பதில்லை.

இனி வாங்கவே கூடாதா?

அப்படி நான் சொல்ல மாட்டேன். இன்று டாக்டர் யூசுஃப் தாது வீதி என்று பெயர் மாறிவிட்ட கிரே ஸ்ட்ரீட் பக்கம் போய், துணிக்கடையில் துணிச்சுருள் மேசைமேல் தடதடவென்று விரியும் ஓசையைக் கேட்டு வெறுங்கையோடு திரும்புவது எல்லாராலும் ஆகாது. வாங்கும் முன் இருப்பின் மாதிரிச் சீட்டைப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டும். ஒவ்வொரு துணியிலிருந்தும் கரையோரம் 2 செ.மீ. நறுக்கி அட்டையில் ஒட்டி, பக்கத்தில் நீளம், அகலம், கழுவியதா இல்லையா என்று எழுதி, அந்த அட்டையைப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பூப்போட்ட துணியை மூன்றாம் முறை வாங்குவது நின்றுவிடும்.

அழகான துணியை வெட்ட மனம் வரவில்லை, என்ன செய்வது?

வெட்டாமல் வைத்து மகிழ்வதும் துணியை அனுபவிப்பதே. அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. மாதம் ஒரு மாலை, எதுவும் தைக்காமல், ஒரு நிறத்தின் கட்டுகளை மட்டும் மேசைமேல் எடுத்து, ஒன்றருகே ஒன்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் வழக்கம் எனக்குண்டு. பல ஆண்டுகளாக எதனோடும் சேராத ஒரு சாக்லேட் பழுப்பு ஷ்வேஷ்வே, ஆயாவின் வெளிறிய பச்சைச் சேலைத்துண்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், இவ்வளவு நாளும் அதற்காகத்தான் காத்திருந்ததுபோல எழுந்து நின்றது அப்படியொரு மாலையில்தான். பயம் விடாதவர்கள் முதலில் கரையோரத்திலிருந்து ஒரேயொரு 5 அங்குலச் சதுரம் வெட்டுங்கள். முதல் வெட்டு விழுந்த துணியை இரண்டாம் முறை வெட்டுவது எளிது.

எனக்குப் பின் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?

கிண்டலாகக் கேட்கப்பட்டாலும் இது நல்ல கேள்வி. சென்ற ஆண்டு எங்கள் வட்டத்து மூத்தவர் ஒருவர் மறைந்தபோது, பிள்ளைகளுக்கு எது போர்வைத் துணி, எது கந்தல் என்று தெரியவில்லை; நாங்கள் போய்ப் பிரித்துக் கொடுக்க மூன்று சனிக்கிழமைகள் ஆயின. மூலை வெட்டிய துணிகள் அவரிடமும் இருந்ததால் பாதி வேலை மிச்சமாயிற்று. அதன் பிறகு நான் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: மேல்தட்டு சேலைகள், குடும்பத்துக்கு, நடுத்தட்டு கழுவியவை, வட்டத்துக்கு, அடித்தட்டு கழுவாதவை, கொடுக்கும் முன் அலசவும்.